அடைக்கலமும் அருகதையும்

கனடா தேசத்துச் சர்வகலாசாலைகள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்து வருகிறது. மாணவன் ஒருவன் பருவத்துக்குரிய சம்பளத்தைச் செலுத்தும்போது, நூலகம், விளையாட்டு, வைத்தியம் என்று வரிசையாக விதிக்கப்படும் சில்லறைக் கட்டணங்களுக்கு நடுவே, சில டாலர்களுக்கு மேற்போகாத ஒரு தொகை, அவன் இதுவரை கண்டிராத, இனிமேலும் பெயரைக்கூட அறிய நேராத ஓர் அகதி மாணவனுடைய படிப்புக்காகச் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. அது அரசாங்கம் போட்ட வரியன்று. கலாசாலை நிர்வாகம் விதித்ததுமன்று. என்றோ ஒரு காலத்தில் அங்கே படித்த மாணவர்கள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, தங்கள்மீதும் தங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்கள்மீதும் தாங்களாகவே ஏற்றிக்கொண்ட பொறுப்பு அது. அந்த வாக்கெடுப்புக்காகத் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு, வகுப்பு வகுப்பாகச் சென்று பேசி, பின்னர் ஆண்டுதோறும் விமான நிலையத்துக்குப் போய் வருகிறவனை அழைத்துவந்து குடியமர்த்துவதெல்லாம் ஒவ்வொரு கலாசாலையிலும் உள்ள ஒரு சிறு மாணவர் சங்கத்தின் வேலை. கனடாவின் உலகச் சர்வகலாசாலைச் சேவை என்ற ஸ்தாபனத்தின் கிளைகளாக இயங்கும் இச்சங்கங்களின் முயற்சியால், 1978ஆம் ஆண்டு முதல் 2,000க்கும் மேற்பட்ட இளைஞர்கள், கென்யாவிலுள்ள டடாப், ககூமா, மலாவியிலுள்ள ட்சலேகா ஆகிய முகாம்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கனடாவுக்கு வந்து கல்வி பயின்றிருக்கிறார்கள்.

நல்ல காரியம் என்று பாராட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். பத்திரிகைகள் பெரும்பாலும் அவ்விதமே செய்கின்றன. ஆனால் இந்தச் சங்கத்தின் நடைமுறையைச் சற்று ஊன்றிக் கவனிப்பவர்க்கு, அதனடியில் மிகப் பழைய தர்ம விசாரணை ஒன்று இன்னும் முடியாமல் கிடப்பது புலப்படும். முகாம்களில் இருப்பவர்களோ லட்சக்கணக்கானவர்கள். 90,000 பேருக்கென்று அமைக்கப்பட்ட டடாபில் 2011ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். இடமோ, ஒரு கலாசாலைக்கு ஆண்டொன்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இன்னும் சில. ஆகவே பள்ளியிறுதிப் பரீட்சையில் பெற்ற மதிப்பெண் பார்க்கப்படுகிறது. ஆங்கிலமோ பிரெஞ்சோ எவ்வளவு தெரியும் என்று சோதிக்கப்படுகிறது. நேரில் உட்கார வைத்துக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. இவ்வளவும் தேறியவனை மீண்டும் கனடா தேசத்து அதிகாரி விசாரிக்கிறார். அடைக்கலம் என்று வந்து நிற்பவனிடம் அருகதையைப் பார்ப்பது தர்மம்தானா? பாராமல் இருப்பதுதான் சாத்தியமா?

இந்தச் சங்கங்களின் பூர்வோத்தரத்தைத் தேடிப்போனால், முதல் மகாயுத்தம் முடிந்த கையோடு, 1920ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் வியன்னா நகரத்தில் போய் நிற்போம். சாம்ராஜ்யம் சிதறி, நிலக்கரியும் ரொட்டியும் அரிதாகிப்போன அந்த நகரத்து மாணவர்கள் பட்டினியிலும் குளிரிலும் காசநோயிலும் மடிவதைக் கண்ட ரூத் ரௌஸ் என்ற ஆங்கிலேய அம்மையார், தாம் ஊழியம் செய்துவந்த உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் மூலமாகப் பிற தேசத்து மாணவர்களுக்கு விண்ணப்பம் செய்தார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை யாருடைய சகோதரர்களைக் கொல்லத் தங்கள் சகோதரர்கள் போர்க்களம் சென்றார்களோ, அவர்களுக்கே உணவும் உடையும் அனுப்பும்படி கேட்கப்பட்ட மாணவர்கள், அனுப்பினார்கள். ஜாதி, மதம், தேசம் என்று எதையும் கேட்பதில்லை, தேவை ஒன்றையே பார்ப்பது என்பது அந்த ஐரோப்பிய மாணவர் நிவாரண இயக்கத்தின் நியமமாக இருந்தது. ருஷ்யப் புரட்சியில் வெளியேறிச் சிதறிய மாணவர்களுக்கும் அந்த உதவி சென்றது. பிற்காலத்தில் இயக்கம் பெயர் மாறி, கிறிஸ்தவ அடையாளத்தையும் களைந்து, சமயச் சார்பற்ற ஸ்தாபனமாயிற்று. சமயத்தில் பிறந்த கடமையொன்று சமயத்தின் பெயரை விட்டுவிட்டும் உயிர் வாழும் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. இது சமயத்துக்குப் பெருமையா சிறுமையா என்பதை வாசகரே நிச்சயித்துக்கொள்ளலாம். பெருமை என்பதே என் கட்சி.

நம்முடைய மரபில் இவ்விசாரணை நடந்த இடம் கடற்கரை. வால்மீகியின் யுத்த காண்டத்தில், நான்கு துணைவர்களோடு வந்து ஆகாயத்தில் நின்றுகொண்டு விபீஷணன் அபயம் கேட்கிறான். சபை கூடுகிறது. அந்தச் சபையில் பேசியவர்களுடைய யோசனைகளை ஒன்றன்பின் ஒன்றாக இன்று படிக்கும்போது, ஏதோ ஒரு தேசத்துக் குடியேற்ற இலாகாவின் நடைமுறைக் குறிப்பைப் படிப்பதாகவே தோன்றுகிறது. குணமும் குற்றமும் சீர்தூக்கிப் பார்த்துக் குணம் மிகுந்தால் ஏற்கலாம் என்கிறான் அங்கதன். ஒற்றரை அனுப்பி விசாரிக்கலாம் என்கிறான் சரபன். வரத்தகாத இடத்தில், வரத்தகாத காலத்தில் வந்திருக்கிறான், ஆகையால் ஐயத்துக்குரியவன் என்கிறான் ஜாம்பவான். நயமாகக் கேள்விகள் கேட்டு உள்ளத்தை அறியலாம் என்கிறான் மைந்தன். சுக்கிரீவனோ, ஆபத்தில் சொந்தச் சகோதரனையே கைவிட்டவன் வேறு யாரைத்தான் கைவிடமாட்டான் என்று கேட்கிறான். வாலியின் தம்பி வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் உள்ள வேடிக்கையைக் கவி வாய்திறந்து சொல்லவில்லை, நாமே கண்டுகொள்ளும்படி விட்டுவிட்டார்.

இவற்றுக்கெல்லாம் மறுமொழி கூறுகிறவன் அனுமன். எதிரே வெளிப்படையாக வந்து நிற்பவனிடத்தில் ஒற்றனை அனுப்புவதில் என்ன பொருள் இருக்கிறது? இடமும் காலமும் பொருந்தவில்லை என்பது தவறு. ராவணனுடைய அதர்மத்தையும் இராமனுடைய பராக்கிரமத்தையும் கண்டு தேர்ந்தவன் வருவதற்கு இதுவே சரியான இடம், இதுவே சரியான காலம். திடீரென்று குடைந்து குடைந்து கேட்டால், கபடமில்லாமல் வந்தவனும் ஐயுற்று மனம் வேறுபடுவான். அனுமனுடைய இந்த மூன்றாவது வாதத்தைச் சங்கத்து மாணவர்கள் தங்கள் அறைச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விசாரணை உண்மையை வெளிப்படுத்துவது மட்டுமன்று, விசாரிக்கப்படுகிறவனை மாற்றியும் விடுகிறது என்பதை அவன் கண்டுவிட்டான். முகாமில் பதிவு செய்கிற அதிகாரியிடம் ஒருமுறை, அகதி என்று தீர்மானிக்கும் அதிகாரியிடம் ஒருமுறை, உபகாரச் சம்பளத் தேர்வாளர்களிடம் ஒருமுறை, விசா அதிகாரியிடம் ஒருமுறை என்று தன் வீடு எரிந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்கிற இளைஞன், தேதி பிசகினாலும் பொய்யன், சிறிதும் பிசகாமல் ஒப்பித்தாலும் பொய்யன் என்ற இக்கட்டில் அகப்பட்டுக்கொள்கிறான். இராமன் கூறிய விரதத்திலோ, ஒருமுறை வந்து உன்னுடையவன் என்று சொன்னால் போதும்.

இராமனும் முதலில் அரசியல் பேசுகிறான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அரசகுலத்துத் தாயாதிகள் ஒருவரையொருவர் நம்பாதவர்கள், இவன் ராஜ்யத்தை விரும்பி வந்தவன், ஆகவே நமக்கு அபாயமில்லை என்று சுக்கிரீவனுக்கு ஏற்ற பாஷையில் சமாதானம் சொல்லிப் பார்க்கிறான், சுக்கிரீவன் மசியவில்லை. அதன்பிறகே, தன் பெட்டையைப் பிடித்த வேடனுக்கும் தன் மாம்சத்தையே விருந்தாக்கிய புறாவின் கதையையும், கண்டு என்னும் முனிவரின் வாக்கையும் எடுத்துக்காட்டி, வந்தவன் விபீஷணனாயினும் ராவணனேயாயினும் அபயம் அளித்தாயிற்று என்று முடிக்கிறான். லாபக் கணக்கைக் கேட்டு மசியாத சுக்கிரீவன் தர்மத்தைக் கேட்டு உடனே இசைந்துவிடுகிறான் என்பது, அகதிகளுக்காகப் பிரசாரம் செய்கிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

இந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டே வேதாந்த தேசிகர் அபயப்பிரதான சாரம் என்ற தனி நூலை இயற்றினார். சரணாகதிக்கு அதிகாரி யார் என்ற கேள்விக்கு அவர் வழியில் வந்தவர்கள் கூறும் விடை ஆச்சரியமானது: ஆகிஞ்சன்யம், அநந்யகதித்வம் என்ற இரண்டுமே அதிகாரம். அதாவது, தன் கையில் வேறொரு முதலும் இல்லாமை ஒன்று, போவதற்கு வேறொரு புகலும் இல்லாமை ஒன்று. யாகத்துக்குச் செல்வமும், ஞானத்துக்குப் படிப்பும் தகுதியாகக் கேட்கப்படுகிற சாஸ்திரத்திலே, சரணாகதிக்கு மாத்திரம் இல்லாமையே தகுதியாக வைக்கப்பட்டது. பிள்ளை லோகாசாரியரோ இன்னும் ஒருபடி அப்பால் சென்று, கிருபை ஒரு வியாஜத்தையும் எதிர்பாராதது என்றும், சரணடைந்தவனுடைய தோஷமே ஆண்டவனுக்குப் போக்கியமாகிறது என்றும் உபதேசித்தார். வடகலை, தென்கலை என்று பிற்காலத்தில் வாதப்பிரதிவாதங்கள் பெருகி நீதிமன்றம்வரை போனது வேறு கதை. இவ்விரு ஆசாரியர்களும் அடைக்கலத்தைப் பற்றி ஓலையில் மாத்திரம் எழுதியவர்கள் அல்லர் என்பதுதான் இங்கே முக்கியம். 1323ஆம் ஆண்டு டில்லிச் சேனை ஸ்ரீரங்கத்தின்மேல் வந்தபோது, தள்ளாத வயதில் கோயிலின் உற்சவமூர்த்தியான நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே வெளியேறிய பிள்ளை லோகாசாரியர், மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் வழியிலேயே பரமபதித்தார். சவங்களினிடையே கிடந்து ச்ருதப்பிரகாசிகை என்ற உரைநூலின் சுவடியைத் தேசிகர் காப்பாற்றினார் என்று குருபரம்பரை கூறும். தெய்வமே ஊர் ஊராக ஒளிந்திருந்து, திருமலையில் நெடுங்காலம் தங்கி, 1371ஆம் ஆண்டுதான் தன் கோயிலுக்குத் திரும்பிற்று. நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஓர் உற்சவமூர்த்தி அகதியாக இருந்த சம்பிரதாயத்தில் பிறந்தவர்களுக்கு, எல்லைக் கோட்டருகே மூட்டையோடு நிற்கும் குடும்பம் அந்நியமாகத் தோன்றுவதற்கு நியாயமில்லை.

தோஷத்தைப் பற்றிய பேச்சு வெறும் வேதாந்தமன்று. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் தேதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், அடர்ந்த மூடுபனியில் இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் கண்டெடுத்தார்கள். செயின்ட் ஜான்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, அங்குள்ள மெமோரியல் சர்வகலாசாலையின் விடுதியில் தங்க வைக்கப்பட்ட அவர்கள், தாங்கள் நேரே இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தார்கள் என்பது சில நாட்களிலேயே வெளிப்பட்டபோது, அதுவரை இரங்கிய ஜனங்களில் பலர் கொதித்தெழுந்தனர். பொய்யர்களுக்கு அடைக்கலமா என்ற கேள்வி தேசமெங்கும் கேட்டது. அவர்கள் சொன்னது பொய்தான். ஆனால் 1983ஆம் ஆண்டு ஜூலையில் கொழும்பில் நடந்த தமிழர் படுகொலை பொய்யாகிவிடவில்லை. அரசாங்கம் அவர்களுக்குத் தங்கி வேலை செய்ய ஓராண்டு அனுமதி வழங்கியது; அதே ஆண்டில்தான் அகதிகளுக்கு ஆற்றிய தொண்டுக்காகக் கனடா ஜனங்கள் அனைவருக்குமாக நான்சென் பதக்கம் அளிக்கப்பட்டது. அதே தேசம் 1939ஆம் ஆண்டு 900க்கும் மேற்பட்ட யூதர்களோடு வந்த செயின்ட் லூயி கப்பலுக்கு இடந்தர மறுத்ததும், ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமையில் மாண்டதும் சரித்திரம். ஜாம்பவானுடைய இடம், கால ஆட்சேபம் அன்று சபையில் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். படிப்பதற்கு அழைக்கப்படுகிறவன் பாடத்தைப் பின்பற்றக்கூடியவனா என்று பார்ப்பதில் தவறு காண முடியாது. கணிதம் அறியாதவனைப் பொறியியல் வகுப்பில் அமர்த்துவது அவனுக்கு உபகாரமாகாது. உலகத்து அகதி இளைஞர்களில் கல்லூரிப் படிப்பை எட்டியவர்கள் 2019ஆம் ஆண்டு நூற்றுக்கு மூவராக இருந்தனர். 2030ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்குப் பதினைந்து பேராக்குவது ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் வகுத்துக்கொண்ட இலக்கு. இவ்வளவு குறுகிய வாயிலில் யாரை முதலில் விடுவது என்று தீர்மானிக்க ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும்தான். ஆனால் அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்பதில் மயக்கம் வந்துவிடக் கூடாது. சங்கத்தினால் ஒருவனைத்தான் அழைக்க முடிகிறது என்பது சங்கத்தின் சக்தியைக் காட்டுமேயன்றி, அழைக்கப்படாத ஆயிரம் பேரின் தகுதிக் குறைவைக் காட்டாது. கொடுப்பவனுடைய வறுமையைப் பெறுபவனுடைய குறையாக மாற்றி எழுதுவது தானசாஸ்திரம் எதிலும் காணாத கணக்கு.

இந்த மயக்கத்தை வளர்ப்பதில் பிரசாரத்துக்குப் பெரும் பங்குண்டு. ஐன்ஸ்டீனும் ஓர் அகதியே என்று அகதிகள் ஆணையமே முன்பு சுவரொட்டி போட்டது. மாணவர் சங்கங்களும் தங்கள் கூட்டங்களில் அகதிகள் வைத்தியராகிறார்கள், பொறியியலாளராகிறார்கள், வரி செலுத்துகிறார்கள், தேசத்துக்கு லாபம் தருகிறார்கள் என்று எடுத்துச் சொல்கின்றன. எல்லாம் உண்மையே. எனினும் ஐன்ஸ்டீனுக்கு 1933இல் அடைக்கலம் கிடைத்தது, ஏற்கெனவே அவர் ஐன்ஸ்டீனாக இருந்தபடியால். ஊர் பேர் தெரியாத தையற்காரன் ஒருவனுக்குச் சொல்வதற்கு அந்தச் சுவரொட்டியில் ஒரு வார்த்தையும் இல்லை. லாபம் தருவதனால் ஏற்கப்பட்டவன், நஷ்டம் வருகிற நாளில் வெளியேற்றப்படுவதற்கும் உரியவனாகிறான். இவ்விடத்தில் மீமாம்ஸகர்கள் செய்த பாகுபாடு ஒன்று உதவும். சுவர்க்கத்தையோ புத்திரனையோ விரும்பிச் செய்வது காமிய கர்மம். விருப்பம் அற்றுப்போனால் அதைச் செய்ய வேண்டியதில்லை. சந்தியாவந்தனம் போன்றது நித்திய கர்மம். அதைச் செய்வதனால் தனிப்பட்ட பலன் எதுவும் கேட்பதற்கில்லை, செய்யாமல் விட்டாலோ பிரத்யவாயம் என்னும் தோஷம் உண்டு. அடைக்கலம் அளிப்பதைக் காமிய கர்மமாகப் பாவிப்பதுதான் நம் காலத்துப் பிரசாரத்தின் பிழை என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சில டாலர்க் கட்டணத்தை நான் இவ்வளவு மதிப்பதும் இதனாலேயே. கட்டாயமாக வாங்கப்படுவது தானமாகாது என்று ஆட்சேபிப்பவர்கள் அங்கே எப்போதும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஒன்டேரியோ மாகாண அரசு மாணவர் சங்கக் கட்டணங்கள் பலவற்றை விருப்பமிருந்தால் செலுத்தலாம் என்று மாற்றியதும், அதே ஆண்டு நவம்பரில் அந்த ஆணையை நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் இந்த விவாதத்தின் ஓர் அத்தியாயம். தானமாகாது என்பது மெய். தானமாகாமல் இருப்பதே அதன் மேன்மை. உருக்கமான படத்தைப் பார்த்து உண்டியலில் காசு போடுகிறவனுடைய இரக்கம் அடுத்த படம் வரும்வரை நிற்கும். வாக்களித்த மாணவன் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்ட பிறகும், சங்கத்தின் தலைவரும் காரியதரிசியும் நான்கைந்து முறை மாறிவிட்ட பிறகும், இரக்கப்படுவதற்கு ஒருவரும் நினைவுகூர வேண்டிய அவசியமே இல்லாமல் அந்தக் கட்டணம் செலுத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. புண்ணியம் யாருக்கு என்று கேட்டால், யாருக்கும் இல்லை என்றே சொல்லிவிடலாம். நித்திய கர்மத்தின் லட்சணமும் அதுவே.

ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் வந்து இறங்குகிறார்கள். குடிபெயர்வோருக்கான சர்வதேச அமைப்பின் எழுத்துகள் பொறித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறவனை விமான நிலையத்தில் அடையாளம் கண்டுகொள்வதில் சிரமமில்லை. தன்னுடைய சட்டபூர்வமான இருப்பு முழுவதும் அந்தப் பைக்குள் இருக்கிற காகிதங்களில்தான் உண்டு, அதைக் கைநழுவ விடாதே என்று சொல்லி அனுப்பப்பட்டவன் அவன். பெயரெழுதிய அட்டையைத் தூக்கிப்பிடித்து நிற்கும் மாணவர்களுக்கும் அவனுக்கும் வயது ஏறக்குறைய ஒன்றே. அடுத்த சில நாட்களில் வங்கிக் கணக்கு, சமூகக் காப்பீட்டு எண், வைத்திய அட்டை என்று வரிசைகளில் நின்று முடித்தபின், வெயில் இன்னும் குறையாத அந்த மாதத்திலேயே, வரப்போகும் குளிருக்காக, முழங்கால்வரை நீளும் கனத்த மேலங்கி ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்; துர்க்கானாப் பாலைவெளியிலிருந்து வந்தவன் வேர்க்க விறுவிறுக்க அதற்குள் நின்றுகொண்டு, இதை நிஜமாகவே அணிய வேண்டிவருமா என்று விழிக்கிறான். சங்கம் செய்கிற காரியங்களில் எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுவது இந்த மேலங்கிதான். இதற்கு அவன் கதை எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அக்டோபர் வந்துவிட்டால் சிலவிடங்களில் அவனை மேடையேற்றிவிடுகிறார்கள். விழிப்புணர்ச்சி வாரம் என்று பெயர்; நிதி திரட்ட வேண்டும், கட்டணத்துக்கு ஆதரவு குன்றாமலிருக்க வேண்டும். ஆகையால் தன் தகப்பனார் எப்படி இறந்தார் என்பதை, கையில் காப்பிக் கோப்பையோடு அமர்ந்திருக்கும் சபைக்கு, பதினைந்து நிமிஷத்தில், நம்பிக்கையூட்டும் விதமாக முடிக்கும்படி அவன் சொல்ல வேண்டியிருக்கிறது. மறுக்கலாம்தான், அழைத்தவர்கள் நல்லவர்கள், மறுத்தால் மனம் கோணமாட்டார்கள். ஆயினும் உண்ட வீட்டில் பாடச் சொன்னால் விருந்தாளி எப்படி மறுப்பான்? கடற்கரையில் இறங்கிய விபீஷணனிடம் இலங்கையின் பலாபலத்தைக் கேட்டறிந்துகொண்டார்களே என்று ஒருவர் சொல்லக்கூடும். கேட்டது அபயம் அளித்த பின்பு. கேட்டதும் போருக்கு வேண்டிய செய்தியை, அவனுடைய துக்கத்தையன்று. உடனே கடல்நீரைக் கொணரச்செய்து பட்டாபிஷேகமும் செய்துவைத்தார்கள். நன்றிக்கடனாகக் கண்ணீரை வசூலிக்கிற அடைக்கலத்தில், கொடுத்ததில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்ட குறை எப்படியும் இருக்கும்.

இரண்டொரு ஆண்டுகள் சென்றபின், இப்படி வந்தவர்களிற் பலர் தாங்களே அந்தச் சங்கத்தின் அங்கத்தினராகிவிடுகிறார்கள். ககூமாவில் தன்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து, ஏறத்தாழ அதே மதிப்பெண் வாங்கி, தேர்வுப் பட்டியலில் இடம்பெறாமல் போனவர்களின் பெயரும் முகமும் அந்தக் கூட்டத்தில் அறிந்தவன் அவன் ஒருவனே. ஆகவே அங்கே அருகதையைப் பற்றிய பேச்சு எழும்போது அவன் பெரும்பாலும் மௌனம் சாதிப்பான். கணக்கைப் பற்றிய பேச்சு வரும்போது வாய் திறப்பான். 30,000 பேர் படிக்கும் சர்வகலாசாலையில் தலைக்கு ஒரு டாலர் கூட்டினால் ஆண்டுக்கு 30,000 டாலர் சேரும், இன்னொருவனுடைய முதலாண்டுச் செலவில் பெரும்பகுதிக்கு அது வந்துவிடும், அடுத்த வாக்கெடுப்பில் அதையே முன்மொழிவோம் என்று அவன் சொன்னால், அதை மறுத்துப் பேச எந்தச் சாஸ்திரத்திலும் ஆதாரம் கிடைக்காது.